பின்னால் வராத பஸ்

பதினெட்டு கிலோ. நேற்றும் பதினெட்டு, முந்தாநாளும் பதினெட்டு. ஆள் ஏறி நின்று எடை பார்க்கிற மெஷினைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, எதிரே நாற்காலியைப் போட்டு, இடது காலால் மிதிக்கச் சொல்லியிருந்தாள் பர்வீன். உடற்பயிற்சி கொடுத்து முடங்கின கைகால்களை எழுப்பிவிடுகிற வேலை அவளுக்கு. "கிளட்சுன்னு நெனச்சு மிதிங்க அண்ணாச்சி." நினைத்துத்தான் மிதிக்கிறார் மாசானமுத்து. அரசு பஸ்ஸின் கிளட்சை இருபத்திரண்டு வருஷம் மிதித்த கால் இது. சந்தை நாளில் ஊருக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் இருநூறு தடவை மிதித்திருக்கும், ஒரு நாள் முனகியதில்லை. இப்போது முட்டிக்குக் கீழே ஒரு இரும்புக் கம்பியும் நாலு திருகாணியும் உள்ளே குடியிருக்கின்றன. ஏழு வாரம் ஆயிற்று. மிதித்தால் முதலில் குதிகால் ஒத்துக்கொள்கிறது, பிறகு கெண்டைக்கால் ஒத்துக்கொள்கிறது, பதினெட்டுக்கு வந்ததும் உள்ளேயிருந்து யாரோ கையைக் காட்டி வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். முள் நடுங்குகிறது. இருபத்தைந்து வர வேண்டும், வந்து பத்து எண்ணும்வரை நிற்க வேண்டும், அப்படி நின்றால்தான் பர்வீன் காகிதம் எழுதிக் கொடுப்பாள், அந்தக் காகிதம் இருந்தால்தான் நாளைக் காலையில் திருநெல்வேலியில் மெடிக்கல் போர்டு டாக்டர்கள் ஸ்டியரிங்கைத் திரும்பக் கொடுப்பார்கள். இல்லையென்றால் டிப்போ வாசலில் ஸ்டூலைப் போட்டு, உள்ளே வருகிற வண்டி, வெளியே போகிற வண்டி நம்பரையெல்லாம் எழுதச் சொல்வார்கள். அந்த ஸ்டூலில் முன்பு உட்கார்ந்திருந்தவரை அவருக்குத் தெரியும். நல்ல டிரைவர். ஆறு மாசத்தில் ஆளே சுருங்கிப்போய், தலைமாட்டில் ஹாரன் அடித்தாலும் நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பார். அந்தக் குனிந்த தலை இப்போது ஞாபகத்துக்கு வர வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் வந்தது. காலை எடுத்தார். முள் பூஜ்யத்துக்குப் போய் ஒன்றும் நடக்காததுபோல் நின்றுகொண்டது.

அறையின் மறுபக்கம் ஞானபுஷ்பம் சுவரில் விரலால் ஏறிக்கொண்டிருந்தாள். பலகையில் பல் பல்லாக வெட்டி, ஏணி மாதிரி சுவரில் அறைந்து வைத்திருக்கிறார்கள். இரண்டு விரல் ஒவ்வொரு பல்லாகக் கவ்விக்கொண்டு மேலே போக வேண்டும், விரல் போன உயரத்துக்குத் தோளும் போக வேண்டும். அவளுக்கு வலது தோள் மூட்டு விலகியிருந்தது, மணிக்கட்டு முறிந்து உள்ளே தகடு வைத்திருந்தது. மாசானமுத்துவின் பைக்கும் அவளுடைய ஸ்கூட்டரும் மோதியதில்தான் அவர் காலும் போனது, அவள் கையும் போனது. மோதிக்கொண்டவர்கள் தினமும் பத்து மணிக்கு ஒரே அறையில் வந்து உட்கார்ந்து எதிரும் புதிருமாக முக்கி முனகுவது கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், ஊருக்கு ஒரே ஆஸ்பத்திரி என்றால் வேறென்ன செய்ய. முதல் நாள் அவளைப் பார்த்ததும் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள்தான் எழுந்து வந்தாள், கட்டுப் போட்ட கையை மற்றக் கையில் பிள்ளையைப் போல் ஏந்திக்கொண்டு. "கால் எப்படி இருக்கு அண்ணாச்சி?" கேட்டதோடு விட்டிருக்கலாம். "என்னால ஒங்களுக்கு இந்தக் கஷ்டம், மன்னிச்சிருங்க" என்றும் சொன்னாள். அவர் ஏதோ ஒரு சத்தம் கொடுத்தார், என்ன சத்தம் என்று இப்போது ஞாபகமில்லை. ஞாபகமில்லை என்பதும் பொய். அதை விடு. இப்போது அவள் விரல் பதிமூன்றாவது பல்லில் நிற்கிறது. பதிமூன்றில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டியிருக்கிறாள், அவள் விற்கிற மாவுப் பாக்கெட் கட்டுகிற ரப்பர் பேண்ட், இடது கையில் எப்போதும் பத்துப் பதினைந்து வளையல்போல் கிடக்கும். நேற்று எட்டிய உயரம் அது. இன்றைக்கு அதற்கு ஒரு பல் மேலே ஏறாமல் வீட்டுக்குப் போகமாட்டாள், ஐந்து வாரமாக ஒரு நாள்கூடப் போனதில்லை. முகம் வேர்த்து, மேலுதட்டில் முத்து முத்தாக நிற்கிறது, கண்ணை மூடுவதில்லை, சாமியைக் கூப்பிடுவதில்லை, அந்தப் பல்லையே முறைத்துப் பார்க்கிறாள். விரல் வழுக்குகிறது. விடவில்லை. மேட்டில் நிறைவண்டியை அரைக் கிளட்சில் தாங்கி நிறுத்துகிற கைகாரர்கள் சில பேரை அவர் பார்த்திருக்கிறார், ஒரு அங்குலம் பின்னால் உருளாது. அந்த வரிசையில் இவளைச் சேர்க்கலாம் என்று தோன்றியது. பதினாலு. ரப்பர் பேண்டைக் கழற்றி ஒரு பல் மேலே மாட்டிவிட்டு, ஒன்றும் சாதிக்காதவள்போல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எப்பேர்ப்பட்ட பொம்பளை, என்று அவர் மனசு தன்னால் சொன்னது. சொன்ன மனசே அடுத்த நிமிஷம் வண்டிகள் மோதிய தண்ணித்தொட்டி முக்குக்குப் போய் நின்றது. எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கேதான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி, ஆட்டுக்கறி வாங்கிவிட்டு பைக்கில் வருகிறார், டேங்க் மேல் ஒயர் கூடை. மெயின் ரோட்டிலிருந்து இடது பக்கம் தெருவுக்குள் திரும்ப வேண்டும். திரும்பினார். அப்புறம் தெரிந்தது வெள்ளை. ரோடு முழுக்க வெள்ளை, அவர் கன்னத்துக்குக் கீழே வெள்ளை, சட்டைக்குள்ளே குளுகுளுவென்று இறங்குகிற வெள்ளை. பால் என்று நினைத்தார். புளித்த வாடை அடித்த பிறகுதான் இட்லி மாவில் படுத்திருக்கிறோம் என்று விளங்கியது. முப்பது பாக்கெட் மாவு வெடித்திருக்கும். ஞாபகத்தில் அடுத்து வருவது ஒரு குரல். "என்னைய விடுங்க, அந்த அண்ணாச்சிய முதல்ல தூக்குங்க, கால் வண்டிக்கு அடியில கெடக்கு பாருங்க!" கழன்ற தோளோடு நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டு அவள் போட்ட சத்தம் அது. அவர் அப்போது ஒயர் கூடையை யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டிருந்தார், வெட்கக்கேடு. வருகிற வண்டி மாவில் வழுக்கிவிடும் என்று டீக்கடைக்காரர் ஆறேழு வாளித் தண்ணீரை ஊற்றி ரோட்டைக் கழுவிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். டயர் எந்தப் பக்கம் வந்தது, எங்கே தேய்த்தது என்கிற தடம் அத்தனையும் மாவோடு சாக்கடைக்குப் போயிற்று. பதினாலு வருஷமாக அவரோடு ஒரே வண்டியில் விசில் ஊதுகிற கண்டக்டர் கந்தையா டீக்கடையிலிருந்து ஓடி வந்தவன், ஸ்டேஷன் வரைக்கும் ஓடினான். "எங்க டிரைவரு ஒரு கோழிக்குஞ்சக்கூட அடிச்சதில்லய்யா. அந்தப் பொம்பள இப்பத்தான் வண்டி பழகுனவ, முக்குல ஒடிச்சுத் திருப்பிட்டா." மோதினதை அவன் பார்க்கவே இல்லை, டீ குடித்துக்கொண்டிருந்தான். பார்க்காததை இவ்வளவு திருத்தமாகச் சொல்ல டிரைவர் மேல் நம்பிக்கை இருந்தால்தான் முடியும். போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது. ஒரு வாரம் கழித்து, ஞானபுஷ்பம் அந்தப் பேப்பரில் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். "இருக்கும்யா, நான்தான் ஒடிச்சிருப்பேன்" என்றாளாம்.

ஒடிக்கவில்லை. அவருக்கு மூன்றாம் நாள் மத்தியானம் தெரிந்துவிட்டது. வார்டில் மல்லாக்கப் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அது சுற்றுகிற மாதிரியே அந்தத் திருப்பமும் மெள்ள மனசுக்குள் சுற்றி வந்தது. பஸ்ஸை இடது பக்கம் திருப்புகிறவன் எடுத்ததும் இடது பக்கம் ஒடிக்க மாட்டான். முதலில் வலது பக்கம் கொஞ்சம் விலகுவான், மூக்கைத் தெருவின் எதிர்ப்பக்கம் வரை கொண்டுபோவான், அப்புறம்தான் சுற்றுவான். இல்லையென்றால் பின்சக்கரம் முக்கில் ஏறி, வாசலில் நிற்கிற சைக்கிளையும் சர்பத் கடையையும் வாரிக்கொண்டு வரும். முப்பத்தைந்தடி வண்டி, பின்னால் வால் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது முக்கு அப்படித் திரும்பியவருக்கு வண்டி வேறு உடம்பு வேறு இல்லை. வீட்டில் அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வரும்போதுகூட ஆள் நிலைக்கதவை அகலமாகச் சுற்றித்தான் வருவார். "அத்துவானக் காட்டுலயா வாரீய? ஒங்களுக்குப் பின்னால அறுபது பேரா உக்காந்திருக்காவ?" என்று அவர் மனைவி சண்முகவடிவு ஊர் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள். அவரும் சிரித்திருக்கிறார். அன்றைக்கு பைக்கில் வந்தவர், ஆட்டுக்கறிக் கூடையோடு, பின்னால் இல்லாத பஸ்ஸுக்கும் இடம் விட்டுத் திரும்பினார். தெருவின் வலது பக்கம் வரைக்கும் போய்த் திரும்பினார். அவள் தன் பக்கத்தில், ஓரத்தை ஒட்டி, பழகுகிறவர்கள் வருகிற மாதிரி பவ்யமாக வந்துகொண்டிருந்தாள். அவ்வளவுதான். பிறகு, நிச்சயமாகத் தெரியுமா, மயக்க மருந்து போட்ட மூளை என்ன வேண்டுமானாலும் காட்டும் என்று மனசு வக்கீல் வேலை பார்க்கத் தொடங்கியது. ஐந்தாம் நாள் ஏட்டையா வந்தார். "கந்தையா சொன்னது சரிதானே டிரைவரே?" என்று கேட்டார். இவர் "ம்" என்றார். வாயைக்கூடத் திறக்கவில்லை. அதைப் பொய் என்று சொல்ல முடியுமா, கால் வலியில் மனுஷன் முனகியதாகவும் இருக்கலாமே என்று இந்த ஏழு வாரத்தில் எத்தனையோ முறை அந்த ஒரு எழுத்தைத் தூக்கி நிறுத்துப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு முறையும் கனம் கூடிக்கொண்டுதான் போகிறது.

வெளியே ஹாரன். பத்து நாற்பது. அவருடைய வண்டிதான், அந்த ஹாரனில் ஒரு சளி கட்டின குரல் உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டாப். கிளம்பும்போது புது டிரைவர் இரண்டாவது கியரைப் போடுகிற கறமுறா சத்தம் அவர் பல்லில் வந்து இறங்கியது. பாவி, கிளட்சை முழுசா மிதிடா. மிதிக்கிற கால் இருக்கிறவன் மிதிக்கமாட்டேன் என்கிறான். "அண்ணாச்சி வண்டி போகுது" என்றாள் பர்வீன் சிரித்துக்கொண்டே, அவளுக்கும் பழகிவிட்டது. சிரித்தவள் ஞானபுஷ்பத்தின் முன்னால் அந்த உருளையைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்ததும் ஞானபுஷ்பத்தின் முகம் மாறியது. வழவழப்பான மரக்கட்டை, நடுவில் கயிறு, கயிற்று நுனியில் ஒரு கிலோ மணல் பை. இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்து முறுக்கினால் கயிறு சுற்றிக்கொண்டு பை மேலே வரும். மணிக்கட்டு தேறுவதற்கு இதை விட்டால் வேறு மருந்தில்லை என்று பர்வீன் படித்துப் படித்துச் சொல்லிவிட்டாள். "அது மட்டும் வேண்டாம்மா." "ஏங்க்கா, இவ்வளவும் செய்றீங்க, சூடான மெழுகுல கைய முக்குனா பல்லக் கடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க, இதுக்கு மட்டும் ஏன்?" ஏனென்று மாசானமுத்துவுக்குத் தெரியும். வலது கை பிடித்து முறுக்குகிற அந்த முறுக்கு ஸ்கூட்டருக்கு ஆக்சிலேட்டர் கொடுக்கிற அதே முறுக்கு. வலிக்கு அஞ்சாதவள் அந்தக் கட்டையைப் பார்த்து அஞ்சுகிறாள். நாற்பத்தொரு வயசில் வண்டி பழகியவள். கட்டினவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே ஒரு குடும்பம் பண்ணிக்கொண்ட பிறகு, கிரைண்டரைப் போட்டு மாவு அரைத்து, குடத்தில் சுமந்து விற்று, பிறகு ஸ்கூட்டர் எடுத்தவள். விடியற்காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் தன்னந்தனியாக, ரெண்டு தரம் விழுந்து, யாரும் பின்னால் பிடித்துக்கொள்ளாமல் பழகினேன் என்று பர்வீனிடம் சொன்னதை அவர் கேட்டிருக்கிறார். அப்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தையும் பார்த்திருக்கிறார். பதினெட்டுக் கடைக்கு மாவு போட்டவள் இப்போது மூன்று கடைக்கு நடந்து போகிறாள். "இன்னைக்குச் சாயங்காலம் வண்டியக் கொண்டுபோக ஆள் வருதும்மா. என் அண்ணன்தான் பேசி முடிச்சிருக்கான். அப்பவே சொன்னான், இந்த வயசுல ஒனக்கெதுக்கு இந்தக் கூத்துன்னு. சரியாத்தான் சொல்லியிருக்கான். ஒரு மனுசன் கால ஒடிச்சிட்டேனே." அவரைப் பார்க்காமல் கட்டையைப் பார்த்துச் சொன்னாள். பர்வீன் உருளையை எடுத்துத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டாள், மணல் பை கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம். எத்தனை மணிக்கு? கேட்கலாமா. கேட்டு என்ன செய்ய. சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம், வாய் இருக்கிறது, அவள் ஐந்தடி தூரத்தில் இருக்கிறாள். சொன்னால் ஏட்டையா பேப்பரைத் திருத்துவார், கேஸ் இவர் பெயருக்கு மாறும், லைசென்ஸை வாங்கி வைத்தாலும் வைப்பார்கள், லைசென்ஸ் இல்லாத டிரைவருக்கு மெடிக்கல் போர்டு கொடுக்கிற காகிதம் வடை மடிக்கத்தான் ஆகும். விபத்தில்லாமல் ஓட்டியதற்குக் கலெக்டர் கையால் வாங்கின பதக்கம் வீட்டில் டிவி மேல் சிவப்புத் துணிப் பெட்டியில் இருக்கிறது. கந்தையாவின் முகம். கந்தையாவையும் பொய்சாட்சி என்பார்கள். நாளை போர்டு முடியட்டும், முடிந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டு, ஒரு மாசம் போகட்டும், பிறகு சொல்லலாம். அதற்குள் ஸ்கூட்டர் போயிருக்கும். போனால் என்ன, வேறு வாங்கிக்கொள்வாள். வாங்கமாட்டாள், இனி இந்த ஜென்மத்தில் தொடமாட்டாள், அதுவும் உனக்குத் தெரியும். "அண்ணாச்சி, கடைசி தரம் ஒண்ணு பாப்போமா?" பர்வீன் எடை மெஷினைச் சரி செய்தாள். அவர் காலை வைத்தார். பத்து, பதினாலு, பதினேழு. பதினெட்டு. உள்ளே கையைக் காட்டுகிற ஆள் வந்துவிட்டான். வலி முட்டியிலிருந்து தொடைக்கு ஏறி, அடிவயிற்றில் போய் நின்று பிசைந்தது. அப்போது பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. "விடாதீங்க அண்ணாச்சி. மேடு வருது. பின்னால அறுபது பேரு இருக்காவ, விட்டா உருண்டுரும். மிதிங்க, இன்னும், ஆ அப்படித்தான்." ஞானபுஷ்பம் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தாள், தன் பதினாலாவது பல்லை முறைத்த அதே முறைப்பு. இருபது. இருபத்திரண்டு. அவளுடைய வலியைத் தாங்குகிற வித்தையில் கொஞ்சத்தை அவருக்குக் கொடுத்த மாதிரி இருந்தது. இருபத்தைந்து, இருபத்தாறு. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவளே எண்ணினாள், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், பத்து சொன்னபோது குழந்தைபோல் கை தட்டப் போய், தட்ட முடியாமல் வலது கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் கண்ணில் தண்ணீர். "வலியா அண்ணாச்சி?" "ம்" என்றார்.

மறுபடியும் அதே "ம்". பர்வீன் மேஜையில் உட்கார்ந்து காகிதம் எழுதினாள், தேதி போட்டாள், ஆஸ்பத்திரி முத்திரையை இரண்டு தடவை குத்தினாள். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஏழு வாரமாக இந்தக் காகிதத்துக்குத்தானே உயிரை விட்டாய், இப்போது சந்தோஷப்படு என்று சொல்லிப் பார்த்தார், மனசு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. இவள் எண்ணியிருக்காவிட்டால் பதினெட்டில் நின்றிருக்கும். இவளை மாதிரி ஒருத்தி கூட இருந்தால் பாறாங்கல்லையும் மிதித்து நகர்த்தலாம். நல்ல வேளை, என் வண்டி மோதியதில் இவள் கையோடு போயிற்று என்று நினைத்தார். கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அறையைக் கடந்து வாசலுக்குப் போக, நடுவில் கிடக்கிற நீளக் கட்டிலைச் சுற்றி இடது பக்கம் திரும்ப வேண்டும். அதே நேரம் ஞானபுஷ்பம் மெழுகுத் தொட்டிப் பக்கமிருந்து தன் பையை எடுத்துக்கொண்டு எதிரே வந்தாள், சுவரை ஒட்டி, ஓரமாக. அவர் திரும்பினார். கட்டிலை ஒட்டித் திரும்ப ஒரு முழம் இடம் கிடந்தது, போதும் போதும் என்று கிடந்தது. ஆனால் கைத்தடி வலது பக்கம் விலகியது, உடம்பும் விலகியது, சுவர் வரைக்கும் போய், இரும்பு வைத்த காலை இழுத்துக்கொண்டு அகலமாகச் சுற்றி வந்து, அவள் நெஞ்சுக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். உடைந்த கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "என்னண்ணாச்சி, இவ்வளவு இடம் இருக்கே, எதுக்கு இப்படிச் சுத்தி வர்றீங்க?" என்று பர்வீன் மேஜையிலிருந்து கேட்டாள். ஞானபுஷ்பம் அவரைப் பார்க்கவில்லை. அவர் வந்த வழியைப் பார்த்தாள், கட்டில் முக்கைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், தன் கால் நிற்கிற இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

"புஷ்பம்" என்றார். "அன்னைக்கும் இப்படித்தான்." அவள் நிமிர்ந்தாள். "நீ ஒம் பக்கம்தாம்மா வந்த. நான்தான் அகலமா வந்து ஒம் மேல விழுந்தேன். பஸ்ஸத் திருப்புத மாதிரி பைக்கத் திருப்பிட்டேன். எம்மேலதான் தப்பு." சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது, இருபத்தாறு கிலோவுக்கு வாங்கியதைவிட அதிகமாக. பர்வீன் பேனாவை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நான் ஒடிக்கலையா?" என்று கேட்டாள் ஞானபுஷ்பம், மெல்லிய குரலில், கடையில் விலை கேட்கிற மாதிரி. "ஒடிக்கல. ஓரமாத்தான் வந்த. நல்லாத்தான் ஓட்டிட்டு வந்த." "ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" "மூணாம் நாளே தெரியும்." பரவாயில்லை அண்ணாச்சி என்று சொல்லிவிடுவாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது, அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான். சொல்லவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, அவர் இதுவரை பார்க்காத ஒரு ஞானபுஷ்பம் எதிரே நின்றாள். "ஏழு வாரமா இந்தக் கைய நான் வைஞ்சிக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி. சோத்த அள்ளி வாயில வைக்கையிலகூட, நாசமாப் போற கையின்னு வைஞ்சேன். எங்க அண்ணங்கிட்டத் தல குனிஞ்சு நின்னேன். ஒங்ககிட்ட வந்து மன்னிப்புக் கேட்டேனே, அப்பக்கூடவா ஒங்களுக்கு வாய் வரல?" "வரல." "பஸ்ஸுல எத்தன பேரு உசுரக் கையில வச்சிட்டு ஓட்டுற ஆளு நீங்க!" அவர் தலையைக் குனியவில்லை. குனிந்தால் தப்பித்த மாதிரி ஆகிவிடும் என்று, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவ்வளவையும் வாங்கிக்கொண்டார். கோபத்திலும் இவள் ஓரம் தாண்டவில்லை, ஒரு வார்த்தை கூடுதலாக விழவில்லை என்று அந்த நேரத்திலும் ஒரு மூலையில் வியந்துகொண்டிருந்த தன் மனசை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. "ஸ்டேஷனுக்கு இப்பவே போறேன். ஏட்டையாட்ட எழுதிக் குடுக்கேன். சாயங்காலம் வண்டியெடுக்க ஆள் வாரதுக்கு முன்னால ஒங்க அண்ணங்கிட்டயும் நானே வந்து சொல்லுதேன்" என்றார். "நாளைக்குப் போர்டு இருக்கே அண்ணாச்சி?" என்றாள் பர்வீன். "ஸ்டேஷன் முதல்ல."

ஞானபுஷ்பம் பையைக் கீழே வைத்தாள். நேராகக் கொக்கிக்குப் போய் அந்த உருளையை எடுத்தாள். இடது கையால் ஒரு பக்கம் பிடித்து, வலது கையை மெள்ளக் கொண்டுபோய் மறுபக்கத்தில் வைத்தாள், ஒவ்வொரு விரலாக மடக்கினாள். முறுக்கினாள். தகடு வைத்த மணிக்கட்டு நடுங்கியது, வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது, இந்த அறையில் அவள் முனகி அவர் கேட்டது இதுதான் முதல் தடவை. மணல் பை தரையைவிட்டு எழுந்தது. ஒரு சுற்று. பர்வீன் பக்கத்தில் போனாள், தொடவில்லை. இரண்டு சுற்று, மூன்று. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை, அவள் துடைக்க நினைத்ததாகவும் தெரியவில்லை. பை முட்டி உயரத்துக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, கட்டையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. மாசானமுத்து கைத்தடியை ஊன்றிக்கொண்டு பார்த்தார். சட்டைப்பையில் காகிதம் இருந்தது, நாளை அதற்கு என்ன மதிப்பு என்று தெரியாது, டிப்போ வாசலில் அந்த ஸ்டூல் காலியாகத்தான் கிடக்கிறது. எல்லாம் தெரிந்தும் அந்தப் பை மேலே வந்ததைப் பார்த்துவிட்டோம் என்கிற ஒரு நிறைவு நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. "ஏம்மா பர்வீன், எங்க அண்ணனுக்கு ஒரு போனப் போட்டுக் குடு" என்றாள் ஞானபுஷ்பம் மூச்சு வாங்க. "வண்டி கொடுக்கதுக்கு இல்லன்னு சொல்லணும்." கட்டையை விடவில்லை. பையைத் திரும்ப இறக்கிக்கொண்டிருந்தாள், இன்னொரு முறை ஏற்றுவதற்கு. அவர் வாசலை நோக்கி நடந்தார். நிலைக்கதவு தாண்டி இடது பக்கம் திரும்பினால் வராண்டா, வராண்டா முடிந்தால் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷன். கைத்தடி பழக்கதோஷத்தில் வலது பக்கம் விலகத் தொடங்கியது.

"ஒட்டியே திரும்புங்க அண்ணாச்சி" என்று முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது. கோபம் இன்னும் அதில் இருந்தது. "பின்னால ஒண்ணும் வரல."

ஒட்டியே திரும்பினார்.